ஆமத்தூர்ச் சாலையில் துப்பாக்கிகள்

துப்பாக்கி பற்றிய இந்தியச் சட்டம், அதை வைத்திருப்பவரைக் காட்டிலும் அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குச் செல்லும் வழியைக் குறித்தே மிகுதியாகக் கவலைப்படுகிறது என்பது, சட்டப் புத்தகத்தைப் படித்தவர்களைவிட, உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கியோடு சாலையில் சென்று வந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். பீரோவில் பூட்டிக் கிடக்கும் துப்பாக்கிக்கு உரிமம் ஒன்று இருந்தால் போதும். அதுவே வாசலைத் தாண்டிவிட்டால், எங்கே செல்கிறது, எதற்காகச் செல்கிறது, யார் கையில் செல்கிறது, தோட்டாவும் உடன் செல்கிறதா என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே கரிசல் நிலத்தில் அமைந்துள்ள ஆமத்தூர், இக்கேள்விகளை ஆராய்வதற்குப் பொருத்தமான ஊராகும். ஏனெனில் கந்தகமும் வெடியுப்பும் அலுமினியத் தூளும் பட்டாசுப் பெட்டிகளும் இரவு பகலாகக் கடந்து செல்லும் அப்பகுதியில், வெடிக்கக்கூடிய எதுவும் காகிதத் துணையின்றிச் சாலையில் இறங்கக் கூடாது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவ்வூரில் வளர்ந்து, பின்னர் மதுரையில் ஒரு ரைபிள் கிளப்பின் உறுப்பினராகப் பல ஆண்டுகள் இருந்த இக்கட்டுரையாசிரியரின் நினைவிலுள்ள செய்திகள், அவற்றுக்குப் பின்புலமான சட்டத்தோடு சேர்த்து இங்கே எழுதப்படுகின்றன.

இப்பகுதியில் ஆயுதக் கட்டுப்பாடு என்பது விடுதலைக்குப் பிந்தைய சட்டத்தோடு தொடங்கியதன்று. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் நரிக்குடிப் பகுதியைச் சேர்ந்த மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதையடுத்து, சென்னை மாகாண ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ் அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று ஒரு பிரகடனத்தை வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும், கம்பெனியின் அனுமதியின்றி ஈட்டி, துப்பாக்கி போன்ற ஆயுதங்களை எவரும் வைத்திருப்பதைத் தடுக்கவும் அப்பிரகடனம் வழிசெய்தது. ஒவ்வொரு சிற்றூரிலும் காவல்காரர் கையில் ஏதேனும் ஓர் ஆயுதம் இருந்த நிலப்பரப்பில், ஆயுதம் என்பது அரசு கொடுத்தால் மட்டுமே வைத்துக்கொள்ளக்கூடிய பொருளாக மாறிய நாள் அதுவே எனலாம். லிட்டன் பிரபு காலத்தில் 1878ஆம் ஆண்டு வந்த ஆயுதச் சட்டம் இதை இந்தியா முழுமைக்கும் விரித்ததோடு, ஐரோப்பியருக்கு விலக்கும் இந்தியருக்கு உரிமமும் என்ற பாகுபாட்டையும் எழுத்தில் வைத்தது. குடகு நாட்டுக் கொடவருக்கு வழங்கப்பட்ட விலக்கு மட்டும் ஆட்சிகள் மாறிய பின்னும் நிலைத்து, 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு, அதாவது 2029 வரை, நீட்டிக்கப்பட்டுள்ளது. ஏனையோர் அனைவருக்கும் இன்று பொருந்துவது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமாகும். இது 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்கீழ் முதலில் 1962ஆம் ஆண்டு விதிகளும், அவற்றுக்கு மாற்றாக 2016ஆம் ஆண்டு விதிகளும் இயற்றப்பட்டன. ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய சுடுகருவிகளின் எண்ணிக்கையை 1983ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று என வரையறுத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இரண்டாகக் குறைத்து, உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டித்தது.

ஆமத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அக்காலத்தில் இருந்த துப்பாக்கிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நிலக்கிழார் குடும்பங்களிலும், தீப்பெட்டித் தொழிலிலும் அரைவை ஆலைகளிலும் பணம் சேர்த்தவர்களின் வீடுகளிலும், ஊதியம் எடுத்துச் செல்ல வேண்டியிருந்த சில ஆலை அலுவலகங்களிலும் அவை இருந்தன. பெரும்பாலானவை 12 போர் எனப்படும் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கிகளாகும். போர் என்பது குழலின் உட்துளையைக் குறிக்கும் அளவு. அத்துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்து ஒரு பவுண்டு எடை வருமானால் அது 12 போர் என்று வழங்கப்படும். ஆகவே எண் கூடக்கூடத் துளை சிறுக்கும் என்பது, முதன்முறை கேட்போரைக் குழப்பும் செய்தி. இவற்றுக்குக் கீழான நிலையில், குழலின் வாய் வழியாகவே கருமருந்தையும் ஈயத்தையும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகள் இருந்தன. பயிர்க் காவலுக்காக இவ்வகைத் துப்பாக்கி கேட்போருக்கு உரிமம் வழங்கலாம் என்று 1959ஆம் ஆண்டுச் சட்டமே தனியாகச் சொல்கிறது. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், தோட்டத்தில் இறங்கும் காட்டுப்பன்றியை விவசாயி தன் விருப்பப்படி சுட முடியாது. ஆகப் பயிர்க் காவல் துப்பாக்கியின் எஞ்சிய பயன் அதன் சத்தம் மட்டுமே. சத்தத்திற்காக ஆமத்தூரில் ஒருவர் துப்பாக்கி வாங்க வேண்டுமா என்று ஊரில் கேலி பேசுவோர் இருந்தனர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்; அங்கே ஒரு கட்டு வெடி அதைவிட மலிவு.

இக்கட்டுரையாசிரியரின் தாய்மாமனிடம் இருந்தது ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி. அதனோடு வந்த உரிமப் புத்தகம் கையடக்கமானது. அதில் உரிமதாரரின் புகைப்படம், துப்பாக்கியின் வகை, அதன் எண், ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய தோட்டாக்களின் அளவு, ஓராண்டில் வாங்கக்கூடிய அளவு ஆகியவற்றுக்கெனக் கட்டங்கள் இருந்தன. கடைக்காரர் தோட்டா விற்கும்போதெல்லாம் நாளையும் எண்ணிக்கையையும் எழுதிக் கையொப்பமிடுவார். கட்கியில் உள்ள அரசுத் தொழிற்சாலையின் கே.எஃப். முத்திரை பதித்த தோட்டாக்கள், பழைய பிஸ்கட் டின்னில் துணி சுற்றி வைக்கப்பட்டிருந்தன. அப்புத்தகத்தில் மிக முக்கியமான வரி செல்லுபடியாகும் எல்லை பற்றியது. உரிமம் ஒரு மாவட்டத்திற்கு உள்ளே மட்டும் செல்லலாம், மாநிலம் முழுவதும் செல்லலாம், அல்லது தனி அனுமதியின்பேரில் இந்தியா முழுவதும் செல்லலாம். ஒருவருக்கு ஒரு துப்பாக்கி சொந்தம் என்பதும், அதை அவர் மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்பதும் இருவேறு செய்திகள் என்பதை அந்த ஒரு வரிதான் உணர்த்தும். இராமநாதபுரம் மாவட்டம் 1985இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட காமராசர் மாவட்டம் உருவானபோது, மாவட்ட எல்லை என்று எழுதப்பட்டிருந்த பழைய உரிமங்களுக்கு எது எல்லை என்ற ஐயம் உரிமதாரர்களிடையே சில காலம் பேச்சாக இருந்தது.

உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அதிகாரி கேட்டால் ஆயுதத்தையும் நேரில் காட்ட வேண்டும். உரிமதாரர் முதியவராகவோ நோயாளியாகவோ இருந்தால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே விடை உண்டு: பழுது பார்ப்பதற்கோ, உரிமத்தைப் புதுப்பிப்பதற்கோ, உரிமதாரரின் பயன்பாட்டிற்கோ, அவருடைய முன்னிலையில் அல்லது அவர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தின்பேரில் வேறொருவர் அதை எடுத்துச் செல்லலாம். மாமனுக்கு முழங்கால் வலி முற்றியிருந்த ஆண்டில், 21 வயதைக் கடந்திருந்த மருமகனுக்கு அவ்வாறு ஒரு கடிதம் எழுதப்பட்டது. அதில் துப்பாக்கியின் எண்ணும், செல்லும் நாளும், செல்லும் அலுவலகமும், திரும்பி வரும் வழியும் மாமனின் நுணுக்கமான கையெழுத்தில் இடம்பெற்றன. துப்பாக்கியைக் குழல் வேறு, கட்டை வேறாகக் கழற்றித் தோல் உறையிலிட்டு, அதன்மேல் சாக்கையும் சுற்றிக் கொண்டு சிவகாசியிலிருந்து வரும் பேருந்தில் ஏறியபோது, நடத்துநர் கேட்ட ஒரே கேள்வி, "தம்பி, உள்ள என்ன, வெடியா?" என்பதுதான். வெடி இல்லை என்று தெரிந்ததும் அவர் மேற்கொண்டு எதையும் கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவ்வழித்தடத்தில் பையில் மறைத்து எடுத்து வரப்பட்ட பட்டாசினால் விபத்து நேரலாம் என்ற அச்சம் நடைமுறையான அச்சம். துப்பாக்கியோ, பல நடத்துநர்கள் தம் பணிக்காலத்தில் ஒருமுறைகூடக் கண்டிராத பொருள்.

கிளப், போட்டி என்று எதுவும் அறியாத இவ்வுரிமதாரர்களுக்குத் துப்பாக்கியை எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதே சட்டத்தின் பெரும்பகுதியாக இருந்தது. சந்தை, திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகிய இடங்களுக்குத் தனி அனுமதியின்றி அதை எடுத்துச் செல்லலாகாது என்பது உரிமத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. வட மாநிலங்களில் திருமண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடும் வழக்கத்தால் உயிர்கள் போவதைக் கண்டு, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அச்செயலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வகைசெய்தது. ஆமத்தூர்ப் பகுதியில் இவ்விதி மீறப்பட்டதாக இக்கட்டுரையாசிரியர் கேள்விப்பட்டதில்லை. பங்குனிப் பொங்கலுக்கும் கல்யாணத்திற்கும் வேட்டுப் போட வேறு பொருள் அங்கே தாராளமாகக் கிடைத்ததே அதற்குக் காரணம் என்று கருதலாம்.

ஊரில் உள்ள எல்லாத் துப்பாக்கிகளும் ஒரே வாரத்தில் சாலைக்கு வருவது தேர்தல் காலத்தில்தான். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும், உரிமதாரர்கள் தங்கள் ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் அல்லது உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற உத்தரவு வரும். தேர்தல் ஆணையத்தின் அறிவுரைப்படி, யாரிடமிருந்து ஆயுதத்தை வாங்கி வைக்க வேண்டும் என்பதை ஆய்வுக் குழு ஒன்று ஒவ்வொருவராகப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பிணையில் இருப்போர், குற்றப் பின்னணி உடையோர், முந்தைய தேர்தல்களில் கலவரத்தில் தொடர்புடையோர் ஆகியோரே முதன்மையாகக் கருதப்படுவர். நடைமுறையில், குழு என்ன முடிவு செய்யும் என்று காத்திராமல், நிலையத்திலிருந்து ஆள் வருமுன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதைக் கௌரவமாகக் கருதியவர்களே மிகுதி. மாமனும் அவ்வாறே. ஒப்படைப்பதற்கு முந்திய நாள் குழலுக்குள் எண்ணெய்த் துணியைச் செலுத்தி இழுப்பதும், ரசீதில் துப்பாக்கி எண் சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பதும், வாக்கு எண்ணிக்கை முடிந்து ஒரு வாரம் கழித்து மீட்டு வருவதும் அவ்வீட்டில் தேர்தலின் ஒரு பகுதியாகவே இருந்தன. தேசிய ரைபிள் சங்கத்தின் உறுப்பினராக இருந்து போட்டிகளில் கலந்துகொள்ளும் விளையாட்டு வீரர்களுக்கு இவ்வொப்படைப்பிலிருந்து விலக்கு உண்டு என்பதைக் கிளப்பில் சேர்ந்த பிறகே இக்கட்டுரையாசிரியர் அறிந்தார். ஒரே வகைத் துப்பாக்கி ஒருவர் கையில் ஐயத்திற்குரியதாகவும் இன்னொருவர் கையில் விளையாட்டுக் கருவியாகவும் ஆவது, கிளப்பின் உறுப்பினர் அட்டை என்னும் சிறு தாளினால்தான்.

கிளப்பின் விதிகளைச் சொல்லுமுன், வெடிமருந்துத் தொழிலின் விதிகளைத் தொட்டுச் செல்வது பொருத்தம். ஏனெனில் ஆமத்தூர்க்காரருக்கு முன்னதைப் புரிந்துகொள்ளும் கண் பின்னதிலிருந்தே கிடைத்தது. வெடியுப்பு, கந்தகம், கரி என்ற மூன்றும் ஏறக்குறைய 75, 10, 15 என்ற விகிதத்தில் சேர்ந்த கருமருந்தே, நாட்டுத் துப்பாக்கியின் குழலிலும் சில பட்டாசுகளின் வயிற்றிலும் இருப்பது. ஆயினும் பட்டாசு 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழும் 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்கீழும் வருகிறது. துப்பாக்கியும் தோட்டாவும் ஆயுதச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பட்டாசு ஆலைகளை அப்பகுதியில் உரிமம் வழங்கும் இடத்தைக் கொண்டே அழைப்பர்: நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ். நாக்பூரில் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைமையகம் உள்ளது. பெரிய ஆலைகளுக்கு அங்கிருந்தும், நடுத்தர ஆலைகளுக்குச் சென்னையிலிருந்தும், 15 கிலோ வரையிலான சிறு உற்பத்திக்கு மாவட்ட நிர்வாகத்திலிருந்தும் உரிமம் வரும். மருந்து அறை ஒன்றில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடையே குறிப்பிட்ட தொலைவு வேண்டும் என்பன போன்ற விதிகள் எல்லாம் ஒரு தீப்பொறி பரவும் வழியை அறுப்பதற்கானவை. இவ்விதிகளைக் காற்றில் விட்டதால் நேர்ந்தவற்றை ஊர் மறக்கவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது என்று செய்தித்தாள்கள் மாதந்தோறும் எழுதும் வாக்கியத்தைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே பெட்டியில் செல்லலாகாது என்ற விதியை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தோன்றியது. மக்களவையின் முதல் அவைத்தலைவரான ஜி. வி. மாவ்லங்கர் அதன் முதல் தலைவராக இருந்தார். இன்றும் தேசியப் போட்டிக்குச் செல்லும் வழியில் உள்ள ஒரு தகுதிச் சுற்று அவர் பெயராலேயே வழங்குகிறது. இச்சங்கத்தின்கீழ் மாநிலச் சங்கங்களும், அவற்றின்கீழ் மாவட்ட அளவிலான ரைபிள் கிளப்புகளும் உள்ளன. 1959ஆம் ஆண்டுச் சட்டம் இக்கிளப்புகளுக்குத் தனி இடம் கொடுத்தது. மத்திய அரசின் உரிமமோ ஏற்போ பெற்ற கிளப்பின் உறுப்பினர் ஒருவர் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காக .22 ரைபிள் அல்லது ஏர் ரைபிள் கேட்டால், அதைச் சட்டம் ஏற்கத்தக்க காரணமாகக் கருதுகிறது. எண்ணிக்கை வரம்பும் அப்பயன்பாட்டிற்குப் பொருந்தாது. .22 என்பது குழல் துளையின் விட்டம் அங்குலத்தில் 0.22 என்பதைக் காட்டும். இரண்டரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள ஈயக் குண்டைச் சுடும் இது, உலகெங்கும் 50 மீட்டர் போட்டிகளுக்குரிய கருவியாகும். இதன் தோட்டாவில் இருப்பது கருமருந்தன்று, புகையற்ற மருந்து; கருமருந்தின் நெடிக்குப் பழகிய மூக்குடன் சென்ற ஆமத்தூர்க்காரருக்கு அரங்கின் வாடை ஏமாற்றமாகவே இருந்தது.

உறுப்பினராவதற்கான விதிகள் கிளப்புக்குக் கிளப் சிறிது மாறினாலும் அடிப்படை ஒன்றே. விண்ணப்பம், முகவரிச் சான்று, காவல்துறையின் நன்னடத்தை விசாரணை, மருத்துவச் சான்று, ஏற்கெனவே உறுப்பினராக உள்ளோரின் பரிந்துரை, நுழைவுக் கட்டணம், பின்னர் பாதுகாப்புப் பயிற்சி. ஆயுதங்களையும் தோட்டாக்களையும் கையாளும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றை 2016ஆம் ஆண்டு விதிகள் எல்லா உரிமதாரர்களுக்குமே கட்டாயமாக்கின. கிளப்புகளில் அது அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. மாவட்ட ஆட்சியரோ காவல்துறை உயரதிகாரியோ பதவிவழித் தலைவராக இருப்பது தமிழகத்தின் பல கிளப்புகளில் பொதுவான அமைப்பாகும். இதனால் கிளப் பாதி அரசு அலுவலகம் போலவும் பாதி மனமகிழ் மன்றம் போலவும் நடந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஆலை உரிமையாளர்களும் எளிதில் பரிந்துரை பெற்றனர். சுடும் திறமையால் மட்டும் உள்ளே வந்தவர்கள் சிலரே. விதிகள் எவரையும் விலக்கவில்லை. ஆனால் இரு உறுப்பினர்களின் கையொப்பம் என்ற ஒரு வரி, உறுப்பினர் எவரையும் அறியாத வீட்டுப் பிள்ளைக்குப் பூட்டிய கதவாகிவிட்டது. பாதுகாப்பின் பெயரால் வைக்கப்பட்ட விதிகளுள் பாதுகாப்புக்குச் சற்றும் உதவாதது இதுவே என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

அரங்கிற்குள் நிலவிய ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. அங்கே ஆலை முதலாளிக்கும் கல்லூரி மாணவருக்கும் ஒரே விதிதான். கிளப்பின் ரைபிள் சேமிப்பறையிலிருந்து பதிவேட்டில் கையொப்பமிட்டே வெளியே வரும். தோட்டாக்கள் எண்ணிக் கொடுக்கப்படும். சுட்டது எத்தனை, திருப்பிக் கொடுத்தது எத்தனை என்று மாலையில் கணக்கு நேராக வேண்டும். குழலின் முனை எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். அரங்க அதிகாரியின் கட்டளை வரும்வரை தோட்டாவை அறையில் இடக்கூடாது. நிறுத்து என்றால், விரல் விசையின்மேல் அழுந்தியிருந்தாலும் நிறுத்தியாக வேண்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் நிறம் தீட்டிய மெல்லிய கயிறு ஒன்று செருகப்பட்டிருக்கும். பாதுகாப்புக் கொடி எனப்படும் இக்கயிறு முனைவரை வெளியே தெரிந்தால் உள்ளே தோட்டா இல்லை என்று தொலைவிலிருப்போருக்கும் விளங்கும். பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி பெறும் நடுவட்டம் அரை மில்லிமீட்டர் அளவே என்பதை முதலில் கேட்போர் நம்புவதில்லை. அதைத் தொடுவதற்கு வேண்டியது வீரமன்று, மூச்சை நிறுத்தும் பொறுமை என்பதை உணரும்போது, துப்பாக்கி பற்றிய ஊர்ப் பெருமைகள் பலவும் உதிர்ந்துவிடுகின்றன.

சொந்தமாக ரைபிள் வாங்கிய உறுப்பினருக்குச் சாலை மறுபடியும் குறுக்கிடுகிறது. விருதுநகரிலிருந்து மதுரைக்குப் பயிற்சிக்கும், மாநிலப் போட்டிக்குச் சென்னைக்கும் செல்லும்போது உடன் வைத்திருக்க வேண்டியவை ஒரு சிறு கோப்பளவு: மூல உரிமம், தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் வழங்கும் தனித்த அடையாள எண், கிளப்பின் கடிதம், போட்டியின் நுழைவுச் சீட்டு, சங்கத்தின் அடையாள அட்டை. ரைபிளின் போல்ட், அதாவது தோட்டாவைக் குழலறைக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு, தனியே கழற்றி வேறு பையில் வைக்கப்படும். அது இல்லாத ரைபிள் வெறும் குழாய். பொதிகை எக்ஸ்பிரசில் இரவு முழுவதும் தலைமாட்டில் அப்பெட்டியை வைத்துக் கொண்டு உறங்காமல் சென்ற பயணங்களில், தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மட்டும் ரயில்வே போலீசார் பெட்டி பெட்டியாகச் சோதனையிடுவர். அவர்கள் தேடியது துப்பாக்கியை அல்ல. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, பட்டாசு போன்ற ஆபத்தான பொருளை ரயிலில் கொண்டுசெல்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். உரிமத்தைக் காட்டியவுடன் ரைபிள் பெட்டி மூடப்படுவதும், அடுத்த இருக்கைக்காரரின் கம்பி மத்தாப்புப் பொட்டலம் கைப்பற்றப்படுவதும் ஒரே இரவில் நடந்ததுண்டு. விமானத்திலும் இதே முரண் காணப்படும். தோட்டா இடாத நிலையில் உள்ள விளையாட்டுத் துப்பாக்கியை முன்னறிவிப்போடும், உறுதியான பெட்டியில் அடைத்த தோட்டாக்களை ஆளொருவருக்கு ஐந்து கிலோ வரையிலும் பதிவு செய்த மூட்டையில் ஏற்றப் பன்னாட்டு விமான விதிகள் இடம்தருகின்றன. விமான நிறுவனங்களும் நாடுகளும் இவ்வரம்பை மேலும் சுருக்கலாம். பட்டாசுக்கோ எந்த மூட்டையிலும் இடமில்லை. தோட்டா தீப்பற்றினாலும் அதன் விளைவு பெட்டியைத் தாண்டிப் பரவாது என்பதே இதற்குச் சொல்லப்படும் அறிவியல் காரணம்.

தமிழர் மிகுதியாக வாழும் கனடாவில், கைத்துப்பாக்கி போன்ற வரையறுக்கப்பட்ட வகைகளுக்குக் கொண்டுசெல்லும் அனுமதி என்றே தனி ஆவணம் உண்டு. விசைப்பூட்டுப் போட்டு, பூட்டிய பெட்டியில் வைத்து, அனுமதிக்கப்பட்ட அரங்கிற்கு மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே 2022 அக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி விற்பனையும் கைமாற்றமும் பெரும்பாலும் முடக்கப்பட்டன. டொரன்டோவில் குடியேறிய பழைய கிளப் நண்பர் ஒருவர், அங்குள்ள காகிதங்களோடு ஒப்பிட்டால் விருதுநகர்க் கோப்பு மெலிந்தது என்று தொலைபேசியில் சொன்னதுண்டு. ஒன்றை மட்டும் ஒப்பிட்டுச் சொல்லலாம்: அங்கே அனுமதித் தாளே பயணத்தின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது, இந்திய உரிமம் நிலப்பரப்பை மட்டும் சொல்லி, நோக்கத்தைக் கிளப்பின் கடிதத்திற்கு விட்டுவிடுகிறது. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலருக்கு எளிதாக விளங்குவது முன்னதே.

கடந்த சில ஆண்டுகளில் இவ்விளையாட்டு பற்றிய பேச்சு தமிழகத்தில் கூடியிருக்கிறது. திருச்சியில் 2022 ஜூலையில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டு பதக்கங்கள் பெற்றபோது, ரைபிள் கிளப் என்ற ஒன்று இருப்பதையே பலர் அறிந்தனர். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். டிராப் என்பது வானில் வீசப்படும் களிமண் தட்டை 12 போர் துப்பாக்கியால் சுடும் போட்டியாகும். புகழ்பெற்ற வீரர் என்ற தகுதியைப் பெற்றவர்களுக்கு இரண்டு என்ற பொது வரம்புக்கு மேலும் துப்பாக்கிகள் வைத்துக்கொள்ள 2020ஆம் ஆண்டு அறிவிக்கை இடமளித்தது. இவையெல்லாம் ஏணியின் மேற்படிகள். கீழ்ப்படியைத் திறந்துவிட்டது 2016ஆம் ஆண்டு விதிகளில் உள்ள எளிய ஒரு வரையறை: துளை 0.177 அங்குலத்திற்கு மிகாமலும், குழல் முனை ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் உள்ள காற்றழுத்தத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஒலிம்பிக்கில் பயன்படும் பத்து மீட்டர் ஏர் ரைபிளே இவ்வரம்புக்குள் அடங்கும். சிவகாசித் தெருக்களில் ரோல் கேப் துப்பாக்கியோடு தீபாவளி கொண்டாடும் பிள்ளை, ஆயுத உரிமம் என்ற சொல்லையே கேளாமல், மாநில அணி வரை செல்லக்கூடிய வழி இதனால் உண்டாயிற்று.

தாய்மாமன் மறைந்தபோது அவருடைய துப்பாக்கி, சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, தாமதமின்றி ஒப்படைக்கப்பட்டது. உரிமதாரர் இறந்த கணத்திலேயே வீட்டிலுள்ளோர் அதை வைத்திருப்பது சட்டப்படியானது அல்லாமல் போய்விடும் என்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை. வாரிசுக்கு உரிமம் மாற்றிக்கொள்ள 2016ஆம் ஆண்டு விதிகள் வழி வைத்துள்ளன. உரிமதாரர் 70 வயதை எட்டிய பின்னரோ, 25 ஆண்டுகள் வைத்திருந்த பின்னரோ, உயிரோடு இருக்கும்போதே மாற்றித் தரலாம் என்றும் சொல்கின்றன. மாமன் அதைச் செய்யவில்லை. மூத்த மகனிடம் விண்ணப்பத்தில் எழுதுவதற்குக் காரணம் இல்லை: பயிர்க் காவல் என்று எழுத, கம்பும் பருத்தியும் விளைந்த நிலத்தில் பாதி பட்டாசுக் கிட்டங்கிக்காக விற்கப்பட்டிருந்தது, விளையாட்டு என்று எழுத, அவர் எந்தக் கிளப்பிலும் இல்லை, உயிர்ப் பாதுகாப்பு என்று எழுத, அச்சுறுத்தியவர் எவரும் இல்லை. மதுரைக் கடைக்காரர் ஒருவருக்கு விற்க அனுமதி பெற்று, காவல் நிலையத்திலிருந்து துப்பாக்கியை விடுவிக்கும் கடிதத்தோடு அது கடைசியாக விருதுநகரைக் கடந்து சென்றது. அதே ஆண்டு அவ்வீட்டுப் பேத்தி கல்லூரியில் ஏர் ரைபிள் பயிற்சியில் சேர்ந்தாள். சொந்த ரைபிளை வாங்கியபோது கடையில் அவளிடம் கேட்டவை அடையாள அட்டையின் நகலும் முகவரியும் மட்டுமே. பேருந்தில் அதைக் கொண்டுவந்த அன்று, உறையின் நீளத்தைப் பார்த்து நடத்துநர் ஒரு லக்கேஜ் சீட்டு மட்டும் கொடுத்தார்.